உருக்கும் தீயும்: தெமோதரைப் பாலத்தினின்று ஒரு நோக்கு

தெமோதரை, எல்ல ஆகிய புகையிரத நிலையங்களுக்கிடையே ஒன்பது வளைவுகளையுடைய பாலமொன்று 1921ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. நீளம் ஏறத்தாழ 300 அடி. உயரம் 80 அடி. அதற்கென ஒதுக்கிய உருக்கு முதலாம் உலகப் போருக்குத் திருப்பப்பட்டமையால், கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு கட்டினர் என்பது ஊவாவில் வழங்கும் கதை. இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்போ அதனைக் கொங்கிறீற்றுப் பாலம் என்று சுட்டுகின்றது. மேலே செல்லும் தண்டவாளமே உருக்காயிருக்க, பாலத்திற்கு மட்டும் உருக்குக் கிட்டவில்லை என்பதை அப்படியே ஏற்றல் அரிது. எனினும், உருக்கின்றி நிற்கும் அப்பாலம், உருக்கையே நம்பி எழுந்த கட்டடங்களை ஒப்புநோக்க நல்லதொரு வாயிலாகும்.

வளைவுப் பாலத்திற் பாரம் முழுவதும் அழுத்தமாகவே நிலத்திற்கு இறங்குகின்றது. தடித்த தூண்களுக்குள் வெப்பம் எளிதிற் புகாது. 1885இற் சிக்காகோ நகரில் எழுந்த பத்துமாடிக் கட்டடம் முதலாக வளர்ந்த உலோகச் சட்டக முறை இதற்கு மாறானது. மெல்லிய உறுப்புகளே உயரத்தைத் தந்தன. அம்மென்மையே அவற்றை விரைவிற் சூடேறவும் செய்தது.

விமான எரிபொருள் உருக்கை உருக்காதே, பின் கோபுரங்கள் வீழ்ந்தது எவ்வாறு என வினவுவோர் உளர். தோட்டத் தேயிலைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்ததைக் கண்டோர்க்கு இவ்வினா எழாது. கொழுந்து வாட்டும் மாடிகளின் மரம் எரிந்தடங்கியபின் இரும்பு விட்டங்கள் உருகாமலே வளைந்து தொங்கும். உருக்கு உருக ஏறத்தாழ 1500 பாகை செல்சியசு வேண்டும். ஆயின் 600 பாகையளவிலேயே அதன் வலிமை பாதியாகிவிடும்.

2001 செப்டெம்பர் 11ஆம் நாள் நியூயோர்க்கின் 110 மாடிக் கோபுரங்களில் நிகழ்ந்ததும் இதுவே. மோதல் சில தூண்களை அறுத்தது. எஞ்சியவற்றின் தீக்காப்புப் பூச்சையும் உதிர்த்தது. இவ்விரண்டாவதே கேடு மிக்கது என்பது எம் கருத்து. எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்தது. அது மூட்டிய தீ காகிதத்திலும் தளபாடங்களிலும் நின்றெரிந்தது. சூடேறித் தொய்ந்த தளங்கள் புறத்தூண்களை உள்நோக்கி இழுக்க, அவை மடிந்தன. மேற்பகுதி முழுவதும் கீழே இறங்கிற்று. பின்னர் மோதுண்ட தெற்குக் கோபுரம் 56 நிமிடங்களில் முதலில் வீழ்ந்தது. தாழ்ந்த மாடிகளிற் சிதைவுற்றமையால் அதற்கு மேலிருந்த பாரம் மிகுதி. வடக்குக் கோபுரம் 102 நிமிடங்கள் நின்றது.

சென்னையில் 14 மாடிகளைக் கொண்ட ஆயுள் காப்புறுதிக் கட்டடம் 1975இற் பெருந்தீக்குள்ளாகியும் வீழாது நின்றமை ஈண்டு நோக்கற்பாலது. அங்குத் தீயுண்டு, மோதலில்லை. கம்பிகளைக் கொங்கிறீற்று மூடியிருந்தது.

மோதலின்றியும் உருக்குச் சட்டகம் வீழலாம் என்பதற்குச் சான்று, அதே நாள் மாலை வீழ்ந்த 47 மாடி ஏழாம் கட்டடம். அதனை எவ்விமானமும் தாக்கவில்லை. வெப்பத்தால் நீண்ட தள விட்டங்கள் ஒரு பெருவிட்டத்தை அதன் இருக்கையினின்று தள்ள, அது தாங்கிய தளங்கள் சரிந்து, பக்கத்துணையிழந்த தூண் மடிந்தது. இவ்விரிவைக் கணக்கிட்டே கட்டடங்களை வரைதல் வேண்டுமென 2008இல் வெளிவந்த அமெரிக்க அரச ஆய்வறிக்கை விதந்துரைத்தது.