பதினான்கு அங்குலத்தின் கணக்கு: பிளாஸ்மா பலகையும் தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சியும்

2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2011-இல் நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகளை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்துவிட்டது. திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசு முத்திரையோடு வந்த அந்தப் பெட்டி, பிக்சர் டியூப் வைத்த 14 அங்குலத் திரைதான். அதே ஆண்டுகளில் பிளாஸ்மாவும் எல்சிடியும் உலகச் சந்தையில் மோதிக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய கொள்முதலைத் தட்டைத் திரையின் பக்கம் திருப்பியிருந்தால் இங்கேயே ஒரு பலகை ஆலை எழுந்திருக்கும் என்ற வாதம் அவ்வப்போது கேட்கிறது. பிளாஸ்மாவைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. காரணம் அரசியலில் இல்லை. பலகையின் வடிவமைப்பில் இருக்கிறது.

பிளாஸ்மா பலகைக்கு ஒளி தரும் வாயு மின்னிறக்கம் நம் ஊருக்குப் புதியதல்ல. எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டரில் ஆரஞ்சு நிறத்தில் மினுக்குவது நியான் வாயுதான். ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை அது இருட்டாகவே இருக்கும். எல்லையைத் தாண்டியதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். பற்றவைக்கும் மின்னழுத்தம் அதிகம், எரிந்துகொண்டிருக்கத் தேவைப்படுவது குறைவு. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் மாணவர் ராபர்ட் வில்சனும் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்புக்காகப் பலகை செய்தபோது, மின்முனைகளைக் கண்ணாடியால் மூடி மாறுமின்னோட்டத்தில் இயக்கினார்கள். ஒருமுறை பற்றிய வாயுச் சிற்றறையின் சுவரில் மின்னேற்றம் தங்கிவிடும். அடுத்த துடிப்பு வரும்போது அந்த ஏற்றமும் கூடச் சேர்ந்து அதே அறையை மீண்டும் பற்றவைக்கும். பற்றாத அறையில் ஒன்றும் நடக்காது. இந்த நினைவுத்திறனுக்குத் தனி டிரான்சிஸ்டர் எதுவும் வேண்டியதில்லை. எல்சிடிக்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு டிரான்சிஸ்டர் தேவைப்பட்டதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது விளங்கும்.

வண்ணம் வந்தபோது செனான் சேர்ந்தது. நியான்–செனான் கலவையில் மின்னிறக்கம் நிகழ்ந்தால் செனான் 147 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிரை உமிழும். சிற்றறையின் உட்பக்கத்தில் பூசிய ஒளிர்பூச்சு அதைச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ மாற்றித் தரும். 1990களின் தொடக்கத்தில் புஜித்சு 21 அங்குல வண்ணப் பலகையைக் காட்டியதற்குப் பின்னாலிருந்த அமைப்பு இதுதான்.

செய்முறைக்கு வருவோம். பிளாஸ்மா ஆலை சிப் ஆலை மாதிரி இருக்கும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அது பெரும்பாலும் பசையும் உலையும் சார்ந்த வேலை. பின்கண்ணாடியில் வெள்ளிப் பசையால் செங்குத்து மின்முனைகளை அச்சிட்டுச் சுட வேண்டும். அதன் மேல் மின்காப்புப் படலம். அதற்கும் மேல், மனிதத் தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே உயரமான, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள தடுப்புச்சுவர்கள். கண்ணாடிப் பசையைச் சீராகப் பூசி, காக்க வேண்டிய இடத்தை ஒளிப்படலத்தால் மூடி, மற்றதை மணல் வீசி அரித்தெடுப்பது ஒரு வழி. பிறகு மீண்டும் உலை. முன்கண்ணாடியில் கிடைமட்ட மின்முனைகள், காப்புப் படலம், ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய மக்னீசியம் ஆக்சைடு. இந்தக் கடைசிப் படலம் அயனித் தாக்குதலைத் தாங்கும். தாக்கப்படும்போதெல்லாம் எலக்ட்ரான்களைத் தாராளமாக விடுவித்துப் பற்றும் மின்னழுத்தத்தையும் குறைக்கும். பலகையின் ஆயுள் பெரும்பாலும் இதன் கையில். இரு கண்ணாடிகளையும் ஒட்டி, காற்றை உறிஞ்சி, வாயுவை நிரப்புவார்கள். உள்ளழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு என்பதால் வெளிக்காற்று இரு தட்டுகளையும் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவதும் தடுப்புச்சுவர்களே.

உலைதான் சிக்கல். சுடும் வெப்பம் 550 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடியோ 510 டிகிரி வாக்கிலேயே தளரத் தொடங்கி, ஆறும்போது சற்றுச் சுருங்கும். பத்தாயிரத்தில் மூன்று பங்கு சுருங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். 852 புள்ளி அகலமுள்ள பலகையில் மூன்று நிறத்துக்கும் சேர்த்து 2,556 சிற்றறை வரிசைகள். சுருக்கம் முக்கால் அறைக்கும் அதிகம். முதலில் சுட்ட மின்முனைக்கும் பின்னால் எழுப்பிய சுவருக்கும் பொருத்தம் போய்விடும். திரையைச் சிறிதாக்கினால் தப்பலாமா என்றால், முடியாது. அறைகளில் அளந்தால் பிழை வரிசைகளின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது, சென்டிமீட்டரைப் பொறுத்ததல்ல. ஜப்பானியர் இதற்கென்றே அதிக வெப்பம் தாங்கும் தனிக் கண்ணாடியை உருக்கினார்கள்.

இனி 14 அங்குலத்துக்கு வருகிறேன். அதன் அகலம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். 640 புள்ளி வைத்தால் ஒரு சிற்றறைக்கு 0.15 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். 852 புள்ளியுள்ள 42 அங்குலப் பலகையில் அது 0.36. அறை ஒடுங்க ஒடுங்க, ஒளி தருமுன்பே சுவரில் மோதி வீணாகும் மின்துகள்கள் பெருகும். அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். செய்யவே முடியாது என்று சொல்லவில்லை: 2007-இல் பானாசோனிக் விற்ற 42 அங்குல முழு எச்.டி. பலகையின் சிற்றறையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். விலைதான் இடிக்கிறது. 42 அங்குலத்தோடு ஒப்பிட்டால் 14 அங்குலத்தின் பரப்பு எட்டில் ஒரு பங்கு. ஆனால் நெடுவரிசைகளை இயக்கும் உயர் மின்னழுத்தச் சில்லுகளின் தேவை முக்கால் பங்கு, கிடைவரிசைகளுக்கோ அப்படியே முழுப் பங்கு. கண்ணாடி குறைகிறது, மின்சுற்று குறையவில்லை. பிக்சர் டியூபுக்கு இந்தத் தொல்லையே கிடையாது: திரை சிறிதோ பெரிதோ, மூன்று எலக்ட்ரான் கற்றைகளை வளைத்தால் போதும். அரசு வாங்கிய அளவில் அந்தப் பழைய டியூபை விலையில் வெல்ல பிளாஸ்மாவால் முடிந்திருக்காது. 2008 முதல் மின்வெட்டில் தவித்த மாவட்டங்களுக்கு, மின்சாரத்தை விழுங்கும் பலகை பொருத்தமாகவும் இருந்திருக்காது.

முயற்சியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிக்சர் டியூப் தயாரித்த காசியாபாத் சாம்டெல் நிறுவனம் பிளாஸ்மாவை உள்நாட்டில் உருவாக்கும் முயற்சியில் இறங்கியது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் அதன் பெயரிலேயே காட்சித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பெருமளவு உற்பத்தி மட்டும் வரவில்லை. 2007 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த சிறப்பு ஊக்கத் திட்டம் பிளாஸ்மா பலகையைப் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆனால் 1,000 கோடி ரூபாய் முதலீடு என்ற வாசலை வைத்து, சிப் ஆலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் கோளாறு இதுதான். பலகைக்கு முதலில் வேண்டியது தனிக் கண்ணாடி, வெள்ளிப் பசை, குறைந்த வெப்பத்தில் உருகும் கண்ணாடிப் பொடி, ஒளிர்பூச்சு. இவை தனித்தனிச் சிறு ஆலைகளின் சரக்கு. ஆயிரம் கோடி வாசலுக்குள் இவற்றில் ஒன்றும் நுழையாது. ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்தே செயின்ட் கோபைனின் மிதவைக் கண்ணாடி ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கு வடிந்தது கட்டடத்துக்கும் காருக்குமான கண்ணாடி.

எஞ்சியிருக்கும் எதிர்வாதம் வலுவானது. வீட்டுக்கு வீடு வேண்டாம், ஊர்ப் பொதுத் தொலைக்காட்சி அறைக்கு ஒரு பெரிய பலகை என்று வாங்கியிருக்கலாமே? எந்தக் கோணத்தில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாத பிளாஸ்மா, ஐம்பது பேர் தரையில் அமர்ந்து பார்க்கும் கூடத்துக்கு உண்மையிலேயே ஏற்றது. ஆனால் தமிழ்நாட்டின் ஊராட்சிகள் மொத்தமே சுமார் 12,500. ஜப்பானின் அமகசாக்கியில் பானாசோனிக் எழுப்பிய ஆலைகளின் கொள்திறன் மாதத்துக்கு லட்சக்கணக்கில் இருந்தது; நம் ஊராட்சிகள் அனைத்துக்குமான தேவை அங்கே சில நாள் வேலை. அந்த ஆலைகளே 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. அடுத்த ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் விலகின.