வாயைத் திற, வயசைப் பார்க்கலாம்: பால் பல்லும் ஒரு தொழிற்சாலைச் சட்டமும்

இன்னைக்கு எபிசோட் பல்லைப் பத்தி. எப்படி பிரஷ் பண்ணணும், எந்தப் பேஸ்ட் நல்லதுங்கிற கதை இல்ல. ஒரு குழந்தையோட வாய்க்குள்ள பால் பல் எத்தனை மிச்சம் இருக்கு, நிலைப் பல் எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணிப் பார்த்து, அந்தக் குழந்தை வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாமா, 69 மணி நேரம் செய்யலாமான்னு முடிவு பண்ணப் பார்த்த ஒரு காலத்தோட கதை.

இடம் இங்கிலாந்து. 1833-ல அங்க ஒரு தொழிற்சாலைச் சட்டம் வருது. பஞ்சாலை, கம்பளி ஆலைகள்ல 9 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 9-லிருந்து 13 வரைக்கும் வாரத்துக்கு 48 மணி நேரம்தான். 13 முடிஞ்சா 18 வயசு வரைக்கும் 69 மணி நேரம். இந்த 13 வயசு வரம்பு படிப்படியா நடைமுறைக்கு வந்து, 1836-ல முழுசா அமலாகுது. சட்டத்தைக் கண்காணிக்க நாடு முழுக்க வெறும் 4 இன்ஸ்பெக்டர்கள்.

இதுல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. சட்டம் முழுக்க வயசை வச்சு எழுதியிருக்கு. ஆனா வயசுக்கு ஆதாரம் எங்க? இங்கிலாந்துல அரசாங்கம் பிறப்பைப் பதிவு பண்ண ஆரம்பிச்சதே 1837 ஜூலை 1-ஆம் தேதி. அன்னைக்குப் பிறந்து பதிவான குழந்தைக்கு 9 வயசு ஆகுறது 1846-ல. அதுவரைக்கும் என்ன செய்யுறது?

சட்டம் சொன்ன வழி இதுதான்: ஒரு மருத்துவர் குழந்தையைப் பார்த்து, 9 வயசுக் குழந்தைக்கு இருக்க வேண்டிய சாதாரண பலமும் தோற்றமும் இருக்குன்னு சான்றிதழ் கொடுக்கணும். தோற்றம்னா என்னங்க? அது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. முதலாளிக்கு 13 வயசுப் பையன் வேணும். அப்பா அம்மாவுக்குக் கூலி வேணும். ரெண்டு பக்கமும் வயசைக் கூட்டிச் சொல்லத்தான் காரணம் இருக்கு, குறைச்சுச் சொல்ல யாருக்கும் காரணமே இல்ல. லியோனார்ட் ஹார்னர்ங்கிற இன்ஸ்பெக்டர், சரி, உயரத்தை அளப்போம்னு ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆனா உயரம் சாப்பாட்டைப் பொறுத்தது, குடும்ப வாகைப் பொறுத்தது. நெட்டையா வளர்ந்த 11 வயசுப் பையன் 13-னு பாஸ் ஆயிடுவான்.

இங்கதான் எட்வின் சாண்டர்ஸ்ங்கிற இளம் பல் மருத்துவர் வர்றார். 1837-ல அவர் வெளியிட்ட சின்னப் புத்தகத்தோட தலைப்பே, பற்கள் வயசுக்கு ஒரு சோதனைங்கிற அர்த்தத்துல இருக்கும். அவர் வாதம் ரொம்ப எளிமை: உயரத்தை விட பல் நேர்மையானது.

ஏன்? அதுக்குப் பல் எப்படி வளருதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

பால் பல் மொத்தம் 20. கருவிலேயே, ரெண்டாவது மாசத்துக்குள்ள, அதுக்கான வேலை ஆரம்பிச்சிடும். வெளியில தெரியுறது பெரும்பாலும் 6 மாசத்துக்கு மேல. மூணு வயசுக்குள்ள செட் முழுசாகிடும். இந்தப் பல்லோட எனாமல் மெல்லிசு, நிறம் நல்ல வெள்ளை.

நிலைப் பல் 32. எனாமல் தடிமன், நிறம் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, வேரும் நீளம். எனாமலை உருவாக்குற செல்கள், பல் வெளியில வரும்போதே அழிஞ்சு போயிடும். அதனால ஒரு பல் முளைச்ச பிறகு பெருசாகாது. தாடை மட்டும் வளர்ந்துகிட்டே போகும். சின்னத் தாடைக்கு ஒரு செட், பெரிய தாடைக்கு இன்னொரு செட்னு ரெண்டு தடவை பல் முளைக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பால் பல் எப்படி விழுது? கீழ இருந்து நிலைப் பல் மேல வர வர, உடம்போட செல்களே பால் பல்லோட வேரைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும். பிடிமானம் போனதும் பல் ஆடும், விழும். விழுந்த பல்லைப் பார்த்தா வேரே இல்லாத மாதிரி இருக்கிறது அதனாலதான்.

முக்கியமான விஷயம், இது ஒரு வரிசையில நடக்கும். 6 வயசு வாக்குல, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி முதல் பெரிய கடைவாய்ப் பல் வரும். அது எந்தப் பல்லையும் தள்ளிட்டு வர்றதில்ல, அதனால பல வீட்டுல அதையும் பால் பல்னே நினைச்சுடுவாங்க. 6-லிருந்து 9-க்குள்ள முன்பல்கள் மாறும். 10, 11 வயசுல பால் கடைவாய்ப் பற்கள் விழுந்து புதுசு வரும். 12 வாக்குல ரெண்டாவது பெரிய கடைவாய்ப் பல். அப்ப 13 வயசுல வழக்கமா வாயில 28 நிலைப் பற்கள் இருக்கும், பால் பல் ஒண்ணுகூட இருக்காது. ஞானப் பல் இதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி.

பட்டினியும் நோயும் உயரத்தைப் பாதிக்கிற அளவுக்கு இந்த வரிசையைப் பாதிக்காது. சாண்டர்ஸ் பிடிச்சது இதைத்தான். அவர் சொல்லிட்டு விடல, சோதிச்சும் பார்த்தார். மொத்தம் 1046 குழந்தைங்க. 13 வயசான 338 பேர்ல 294 பேரைப் பல்லை மட்டும் பார்த்தே 13-னு நம்பிக்கையா சொல்ல முடிஞ்சது, அதாவது 87 சதவீதம். 9 வயசான 708 பேர்ல 530 பேர், 75 சதவீதம்.

நான் சாப்ட்வேர் ஆள். ஒரு டெஸ்ட் 87 சதவீதம் பாஸ்னு யாராவது சொன்னா, முதல்ல கேட்கிற கேள்வி: மிச்சம் 13 சதவீதம் எந்தப் பக்கம் தப்பாச்சு? சாண்டர்ஸோட எண்கள்ல தப்பானவங்க எல்லாம் வயசு குறைவாத்தான் கணிக்கப்பட்டாங்க. 13 ஆன பையனை 12-னு சொன்னா, அவனுக்கு வேலை நேரம் குறையும். வீட்டுக்கு வர்ற கூலியும் குறையும். ஆனா வாரத்துக்கு 21 மணி நேரம் மிச்சம்.

இந்த எண்கள் பதில் சொல்லாத கேள்வியும் ஒண்ணு இருக்கு. இதுல இருக்கிறது 9-ம் 13-ம் ஆன குழந்தைங்க. நிஜமா 12 வயசுல இருக்கிற, பல் மட்டும் சீக்கிரமா முளைச்ச பொண்ணு 13-னு எத்தனை தடவை பாஸ் ஆவாள்? சட்டம் பாதுகாக்க நினைச்சது அவளைத்தான். ஆலைக்குள்ள மாட்டிக்கப் போறவளும் அவள்தான்.

பல் பேக்டரியோட நிக்கல. 1836-லயே ஆண்டனி டாட் தாம்சன்ங்கிற மருத்துவர் இதே மாதிரி ஒண்ணு சொல்லியிருந்தார். அன்னைய இங்கிலாந்துல 7 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையைக் குற்றவாளின்னு தண்டிக்க முடியாது. அந்த முதல் பெரிய கடைவாய்ப் பல் முளைக்கலைன்னா, குழந்தைக்கு 7 முடியலைன்னு தயங்காம சொல்லலாம்னார் அவர். ஒரு பல் முளைச்சிருக்கா இல்லையாங்கிறதுல ஒரு குழந்தையோட தண்டனை தொங்குது.

சாண்டர்ஸ் பிற்காலத்துல விக்டோரியா ராணிக்கே பல் மருத்துவர் ஆனார், 1883-ல சர் பட்டமும் வாங்கினார். ஆலைக் குழந்தைங்க பிரச்சினையை நிரந்தரமா தீர்த்தது என்னவோ பல் இல்ல, பிறப்புப் பதிவேடுதான்.

நம்ம ஊர்லயும் இந்த வரிசையைச் சட்டத்துலயே பார்க்கலாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 94-ஆவது பிரிவு, ஒருத்தரோட வயசை முடிவு பண்ண முதல்ல பள்ளிச் சான்றிதழையோ மெட்ரிக் சான்றிதழையோ பார்க்கச் சொல்லுது. அது இல்லைன்னா உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்லாதப்பதான் மருத்துவச் சோதனை. எலும்பும் பல்லும் ஒரு மதிப்பீட்டைத்தான் கொடுக்கும், பிறந்த தேதியைக் கொடுக்காது.

நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு வயசு ஒரு காகிதத்துல இருக்கு, அதனால யாரும் நம்ம வாயைத் திறக்கச் சொல்றதில்ல. காகிதம் இல்லாதவங்களை, அது குழந்தைத் தொழிலாளியா இருக்கட்டும், அகதியா வர்ற சிறுவனா இருக்கட்டும், இன்னைக்கும் எக்ஸ்ரேயில வச்சுப் பார்க்கிற நிலைமை இருக்கு. அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பத்திச் செய்தியில படிச்சா, அதுல வயசுக்குப் பக்கத்துல எத்தனை வருஷம் முன்ன பின்ன இருக்கலாம்னு போட்டிருக்கான்னு பாருங்க. அந்தச் சந்தேகத்தோட பலன் யாருக்குப் போச்சுன்னும் பாருங்க.