மரத்தின் பெயரும் கம்பியின் ஒலியும்: ரிங்லெட்டின் ஈரக் காற்றுக்கு ஒரு பேஸ் கிதார் வடிவமைப்பு

தமக்கென ஒரு பேஸ் கிதாரைச் செய்விக்க முனைபவர் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பது மரத்தைத்தான். ஆப்பிரிக்காவின் வெங்கே, புபிங்கா, படாக், அமெரிக்க வெப்பமண்டலத்தின் பர்ப்பிள்ஹார்ட், கொக்கோபோலோ என்று விலைப்பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஒலிக்குணமும் சேர்த்தே விற்கப்படுகிறது: ஒரு மரம் ஆழமாக ஒலிக்குமாம், இன்னொன்று கூர்மையாகப் பேசுமாம். இந்த ஒலிவாக்குறுதிக்குச் சான்று குறைவு. மரத்தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை விறைப்பு, எடை, ஈரத்தைத் தாங்கும் நிலைப்பு, வந்த வழியின் நேர்மை ஆகிய நான்குமே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் அமைந்த ரிங்லெட்டை இந்த வாதத்தின் களமாகக் கொள்கிறேன். ஈரம் மிகுந்த அந்த ஊரின் காற்றில் மரத்தைப் பற்றிய எந்த மிகைக்கூற்றும் நெடுநாள் நிலைக்காது.

வரலாறு முதலில். லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் உடல் ஆஷ் மரம், கழுத்து மேப்பிள். இரண்டும் அமெரிக்க மரக்கடைகளில் எளிதாகக் கிடைத்தவை. அரிய மரங்கள் பேஸுக்குள் நுழைந்தது 1970களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை வழியாக. பல மரங்களை அடுக்கி ஒட்டிய கழுத்தும், மெருகேறிய முகப்பலகையும் அதன் அடையாளங்கள். 1982இல் ஜெர்மனியில் தொடங்கிய வார்விக் நிறுவனம் வெங்கேயையும் புபிங்காவையும் பேஸ் வாசிப்பவர்களின் அன்றாடப் பேச்சுக்குக் கொண்டுவந்தது. அடுக்குக் கழுத்துக்கு ஒரு பொறியியல் காரணம் இருந்தது: நாரோட்டம் மாறி மாறி ஒட்டப்பட்ட கீற்றுகள் ஒன்றன் முறுக்கத்தை மற்றொன்று தடுக்கும். முகப்பலகைக்கு இருந்த காரணமோ அழகு. காலப்போக்கில் இவ்விரண்டும் கலந்து, 'அரிய மரம் அரிய ஒலி' என்ற ஒரே நம்பிக்கையாக இறுகின. ஆனால் அலெம்பிக்கின் அதே 1970களில், அதே கலிபோர்னியாவில், மரமே இல்லாத கார்பன் இழைக் கழுத்துகளும் பேஸில் பொருத்தப்பட்டன. அவை பாராட்டப்பட்டது, எல்லாச் சுரமும் ஒரே சீராக நீடிக்கின்றன என்பதற்காக. விறைப்பைத் தேடியவர்களுக்கு மரம் ஒரு வழி மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இயற்பியலும் இதையே சொல்கிறது. திட உடல் கிதாரில் பிக்அப் உணர்வது உருக்குக் கம்பியின் அசைவை. மரம் ஒலியில் தலையிட வேண்டுமானால், கம்பியின் முனைகள் வழியே அதன் ஆற்றலை உறிஞ்சித்தான் தலையிட முடியும். நான்கு கம்பி பேஸின் தாழ்ந்த கம்பி 41.2 ஹெர்ட்ஸிலும், ஐந்து கம்பிப் பேஸின் தாழ்ந்த கம்பி 30.9 ஹெர்ட்ஸிலும் அதிர்கிறது. நீண்ட மெல்லிய கழுத்தின் இயல்பான வளைவதிர்வுகளும் பேஸின் ஒலியெல்லைக்குள்ளேயே வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகும் மெட்டில் சுரம் சட்டென்று அடங்கிவிடும். வாசிப்பவர்கள் இதைச் 'செத்த இடம்' என்பார்கள். பெரும்பாலும் முதல் கம்பியின் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டுக்குள் அது தென்படும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷரின் அளவீடுகள் இதற்குக் காரணம் முதன்மையாகக் கழுத்தின் அதிர்வே என்று காட்டின. பாரிஸில் ஆர்தர் பாத்தேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மெட்டின் இடத்தில் கழுத்து எவ்வளவு எளிதில் அசைகிறது என்பதை அளந்தே சுரம் அடங்கும் நேரத்தைக் கணிக்க முடியும் என்று நிறுவியது. ஆகவே மரம் ஒரு பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. பேஸில் மரம் பொருட்டுதான். ஆனால் விறைப்பாகவும் நிறையாகவும் மட்டுமே. இனப்பெயரைக் கொண்டு இவ்விரண்டையும் ஊகிக்க முடியாது. ஒரே இனத்தின் இரு பலகைகளே அடர்த்தியிலும் விறைப்பிலும் கணிசமாக மாறுபடும்.

'தேர்ந்த காது வேறுபாட்டைக் கேட்கிறது' என்பது வழக்கமான மறுப்பு. அதைச் சோதிக்கச் சிறந்த வழி, மரத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரமாக, மற்றபடி ஒரே அமைப்பில் ஆறு அகௌஸ்டிக் கிதார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மேப்பிள், மஹோகனி எல்லாம் அவற்றில் இருந்தன. மரம் தெரியாதபடி 52 கலைஞர்கள் வாசித்தபோது, ஆறின் தரமதிப்பீட்டிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அச்சோதனை மேற்பலகையைப் பற்றியதன்று. பேஸைப் பற்றியதும் அன்று. அந்த வரம்பை ஏற்க வேண்டும். ஆயினும் மரப்பெட்டியே காற்றை அசைத்து ஒலிக்கும் கருவியில் மலிவானதும் விலைமிக்கதும் பிரித்தறியப்படவில்லை என்றால், திட உடல் பேஸில் அது துலங்கும் என்று வாதிடுபவரே சான்று தர வேண்டும்.

மரங்களின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலும் இதே முடிவுக்கு வருகிறோம். தீபகற்ப மலேசியாவில் வளரும் டாமார் மின்யாக், கிதார் சந்தையில் அகாதிஸ் என்ற பெயரில் மலிவு பேஸ்களின் உடலாகிறது. நியாத்தோவும் அவ்வாறே தொடக்கநிலைக் கருவிகளில் இடம்பெறுகிறது. இரண்டும் வெப்பமண்டலக் காட்டு மரங்கள்தாம். ஐரோப்பியக் கலைஞருக்கு வெங்கே எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு. எனினும் ஏராளமாக ஏற்றுமதியானதால் மலிவுச் சரக்காயின. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ஃபெண்டரின் சாதாரண ஆஷ் மரமே, வெள்ளமும் வண்டும் தாக்கியதால், 2020இல் அந்நிறுவனத்தின் பெரும்பாலான மாதிரிகளிலிருந்து விலக்கப்பட்டு அரிய சரக்காக மாறிவிட்டது. மரத்தின் ஒலி மாறவில்லை. அது கிடைக்கும் அளவுதான் மாறியது.

இனி ரிங்லெட்டுக்கு வருவோம். கருவிகளுக்கு உகந்ததாகப் பரிந்துரைக்கப்படும் சார் ஈரப்பதம் ஏறத்தாழ 45–50 விழுக்காடு. அச்சூழலில் மரம் 8–9 விழுக்காடு ஈரத்தோடு அமைதி கொள்ளும். கேமரன் மலையில் மூடுபனி நாள்களில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். அந்நிலை நீடித்தால் மரத்தின் ஈரம் 17–18 விழுக்காட்டை நோக்கி ஏறும். வளையங்கள் பலகை முகத்துக்கு இணையாக ஓடும்படி அறுத்த பலகை, ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால் அகலத்தில் ஏறத்தாழ 0.25 விழுக்காடு விரியும் என்று கொள்வோம். 33 செ.மீ. அகல உடல் முடிவில் ஏறத்தாழ 7 மி.மீ. விரிய முற்படும். வார்னிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. கழுத்தில் சிக்கல் இன்னும் நுண்ணியது. நான்கு கம்பிகளின் இழுவிசை 75–80 கிலோ எடைக்கு நிகரானது. அதைத் தாங்கிநிற்கும் கழுத்தும் அதன்மேல் ஒட்டிய விரற்பலகையும் வெவ்வேறு அளவில் ஈரத்துக்கு நீளுமானால், முழுக் கழுத்தும் வில்லாக வளையும். இதே கருவி மறுநாள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ குளிரூட்டிய அரங்கில் வாசிக்கப்படலாம். ஆகவே இந்த ஊருக்கான வடிவமைப்பு ஒலிப்பெயர்களை விட்டுவிட்டு மூன்று விதிகளிலிருந்து தொடங்க வேண்டும். கழுத்துக்கு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த கீற்றுகள், உள்ளே இரு கார்பன் தண்டுகள். மலைக்கும் அரங்குக்கும் இடைநிலையாக 12 விழுக்காட்டுக்கு உலர்த்திய மரம். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்துக்கும் குறையாத பூச்சு.

இந்த விதிகளை நிறைவேற்றும் மரம் தமிழ்க் கருவி மரபில் உண்டு. தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாமரம். இந்தச் சான்றை அளவறிந்து கையாள வேண்டும். வீணை குடைந்த கருவி, பேஸ் திடக் கருவி; வீணைக்கு நன்றாக ஒலித்தது பேஸுக்கும் ஒலிக்கும் என்பது, நான் மறுக்கும் அதே ஒலிமாயையின் உள்ளூர் வடிவமாகிவிடும். மரபு தரும் சான்று வேறு: ஆழமாகக் குடைந்தபின்னும், கடற்கரை ஈரத்திலும் கோடை வறட்சியிலும் பல தலைமுறைகள் பயன்பட்டும், பலா எளிதில் வெடிக்காமலும் முறுக்காமலும் நிலைக்கிறது. வீணைக் கலைஞர்கள் 24 மெட்டுகளையும் மெழுகுக் கலவையில் பதித்தது, மரம் அசையும்போது மெட்டைத் திருத்திக்கொள்ளவும் வசதியாயிற்று. பேஸில் அந்த வசதி இல்லை. அதனால் மரத்தின் நிலைப்பு இன்னும் முக்கியமாகிறது. பலா ரிங்லெட்டின் குளிரைவிட, கீழே தாப்பாவை நோக்கிய தாழ்நிலத் தோட்டங்களில் நன்கு வளரும் பழமரம். காய்ப்பு ஓய்ந்தபின் வெட்டப்படும் மரத்துக்காகக் காட்டில் கைவைக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டின் அடையாளமான தேயிலையோ, கவாத்துச் செய்து இடுப்புயரத்தில் நிறுத்தப்படும் செடி. அதன் தண்டில் குமிழோ பதிப்புப் பொட்டோ செய்யலாம், உடல் செய்ய இயலாது.

எடைக் கணக்கும் பலாவுக்கே சாதகம். 4.5 செ.மீ. தடிப்புள்ள பேஸ் உடலின் கன அளவு ஏறத்தாழ 4.5 லிட்டர் என்று கொள்வோம். கன மீட்டருக்கு 900 கிலோவை நெருங்கும் புபிங்காவில் அது 4 கிலோ. 600 கிலோவை ஒட்டிய பலாவில் 2.7 கிலோ. கழுத்தும் உலோகப் பாகங்களும் சேர்ந்தால் முதலாவது ஆறு கிலோவைத் தொடும். இரண்டு மணி நேரம் தோளில் சுமப்பவருக்கு இந்த 1.3 கிலோ எந்த ஒலிவர்ணனையைவிடவும் மெய்யானது.

சட்டத்தைப் பற்றி ஒரு மறுப்பு எழலாம். அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸ், 2017 ஜனவரி 2 முதல் ஈட்டிப் பேரினம் முழுவதையும் புபிங்கா இனங்களையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது; ஆனால் 2019 நவம்பரில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். அந்த விலக்கு செய்து முடித்த கருவிக்கும் அதன் பாகங்களுக்கும் உரியது. தனிக்கருவி செய்பவர் வாங்கும் பச்சைப் பலகைக்கு அன்று. 2022 பனாமா மாநாடு ஆப்பிரிக்கப் படாக்கையும் பட்டியலில் சேர்த்தது. பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை: மடகாஸ்கர் கருங்காலி தொடர்பான விசாரணையின் முடிவில் கிப்சன் 2012இல் 3,00,000 டாலர் அபராதம் செலுத்த ஒப்பியது. உள்ளூர் மரம் என்பதால் மட்டும் நேர்மை வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின்படி, நிரந்தரக் காப்புக்காட்டிலிருந்து உரிமமின்றி எடுத்த மரம், எவ்வளவு அருகில் வளர்ந்திருந்தாலும் திருட்டு மரமே. எனவே பரிந்துரைக்கத்தக்கவை பழத்தோட்டப் பலாவும், பழைய மரவீடுகளிலிருந்து கழற்றிய மெர்பாவ் கீற்றுகளும்.

எஞ்சியிருப்பது அழகு பற்றிய மறுப்பு; அதுவே வலுவானது. தனிக்கருவி கணக்குகளால் மட்டும் ஆவதில்லை. அதை ஏந்துபவர் அதில் தம்மைக் காண விரும்புவது நியாயம். அந்த விருப்பத்தை அழகு என்றே ஒப்புக்கொண்டு, அதற்குரிய அளவில் மரத்தைச் செலவிடலாம்: 5 மி.மீ. முகப்பலகைக்குத் தேவைப்படும் அரிய மரம், முழு உடலுக்குத் தேவையானதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பலாவின் மஞ்சள் நிறம் ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிர்வதால், அந்த முகப்பலகையே தேவையற்றுப் போகவும் கூடும்.

ஆகவே தனிக்கருவி செய்பவருக்கும் செய்விப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தாள் திருத்தி எழுதப்பட வேண்டும். மர இனத்தின் பெயருக்குக் கீழே நான்கு பதிவுகள் இருக்கட்டும்: பலகையின் அளந்த அடர்த்தி, தட்டியோ வளைத்தோ அளந்த விறைப்பு, ஒட்டும் நாளில் அதன் ஈர விழுக்காடு, அது வந்த இடத்துக்கான ஆவணம். இந்த நான்கும் பொருந்திய பலாப்பலகையும் பொருந்திய வெங்கேப்பலகையும் எதிரெதிரே இருந்தால், இரண்டில் எதையும் எடுக்கலாம். நான்கில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாத பலகையை, பெயர் எவ்வளவு பெரிதானாலும், மறுப்பதே முறை.