புலம்பெயர் தொழிலாளர்கள்: சட்டம், சங்கம், வாக்கு - இடைவெளி எங்கே?

நாட்டின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. 29 மத்திய சட்டங்களை அவை உள்ளடக்கியுள்ளன. பிற மாநிலங்களுக்குச் சென்று உழைப்போருக்கு இதனால் நேரும் மாற்றம் என்ன? அவர்களின் குரல் அரசியலில் ஏன் வலுவாக ஒலிப்பதில்லை?

1979-ஆம் ஆண்டுச் சட்டம்

ஒடிசாவிலிருந்து ஒப்பந்ததாரர்கள் மூலம் அழைத்துச் செல்லப்பட்டவர்களின் அவலநிலையே மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர்கள் சட்டத்துக்கு வித்திட்டது. நிறுவனப் பதிவு, ஒப்பந்ததாரர் உரிமம், பயணப்படி, இடப்பெயர்வுப்படி ஆகியவற்றை அச்சட்டம் கட்டாயமாக்கியது. எனினும், ஒப்பந்ததாரர் வழியாகச் சென்றோருக்கு மட்டுமே அது பொருந்தியது. தாமாகவே வேலை தேடிச் சென்றோர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

2020 மார்ச்சில் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டபோது இந்தக் குறை வெளிப்பட்டது. தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். அவர்கள் எத்தனை பேர் என்ற முழுமையான பதிவேடு அரசுகளிடம் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26-இல்தான் தொடங்கப்பட்டது.

புதிய தொகுப்பில் என்ன உள்ளது?

பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, தாமாகவே இடம்பெயர்ந்து வேலை பெற்றவர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களாக ஏற்கிறது. மாத ஊதிய வரம்பு ரூ.18,000. அதேவேளை, முந்தைய சட்டம் 5 புலம்பெயர் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்திய நிலையில், இப்போது 10 பேர் இருக்க வேண்டும். பயணப்படி தொடர்கிறது, இடப்பெயர்வுப்படி இடம்பெறவில்லை.

சங்கங்களின் நிலை

தொழில் உறவுகள் தொகுப்பின்படி, ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும் தனி உரிமை பெறும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது. இவற்றை மத்திய தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன.

சில மாதங்கள் ஓரிடம், பின்னர் வேறிடம் என மாறும் தொழிலாளர் சங்கத்தில் நிலைத்திருப்பது கடினம். மொழி வேறுபாடும் தடையாகிறது. நிரந்தரத் தொழிலாளர்களைச் சார்ந்து வளர்ந்த சங்கங்களுக்கு இது நெடுநாள் சவால்.

வாக்கு எங்கே?

ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே வாக்காளராகப் பதிவு பெற முடியும். வேலை செய்யும் ஊரில் பதிவு செய்யாதவர், வாக்களிக்கச் சொந்த ஊருக்குப் பயணம் செய்தாக வேண்டும். 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. எதிர்க்கட்சிகள் ஐயம் தெரிவித்தன.

பிகாரில் 2025 ஆகஸ்ட் 1-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவர்களில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என ஆணையம் தெரிவித்தது.

மறுபுறம், வேலை தரும் மாநிலங்களில் உள்ளூர் வாக்காளரின் கோரிக்கையே முன்னிற்கிறது. மாதம் ரூ.30,000-க்கு உட்பட்ட தனியார் பணிகளில் 75 சதவீதத்தை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கிய ஹரியாணா சட்டத்தைப் பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது.

ஆக, உழைக்கும் இடத்தில் வாக்கில்லை. வாக்குள்ள இடத்தில் வேலையில்லை. சட்டத்தின் வரையறை விரிந்தாலும், அதைச் செயல்படுத்துமாறு வலியுறுத்தும் பலம் இத்தொழிலாளர்களுக்கு இன்னும் கைகூடவில்லை.