வயிற்றுப் புண்ணும் பக்கவாதமும்



போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பேச்சு தெளிந்துவிட்டது, இடது கைதான் இன்னும் முழுதாக வரவில்லை. பார்க்க வந்த என் மகன், "அப்பா, வயித்துல இருக்கிற ஒரு கிருமியாலகூட ஸ்ட்ரோக் வருமாம். பெரியப்பாவுக்கு முன்னால அல்சர் இருந்துச்சே?" என்றான். நான் வரலாற்று வாத்தியார்தான், வைத்தியன் இல்லை. ஆனால் இந்தக் கதையில் நம் பக்கத்து வரலாறு நிறைய இருக்கிறது.

குடல்புண் ஒரு காலத்தில் தென்னாட்டு நோய் என்றே பேர் வாங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு லண்டன் வேலையை உதறிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூர். இன்று கன்னியாகுமரி மாவட்டம். அவர் கத்தி வைத்த வயிறுகளில் குடல்புண் வந்தவை ஏராளம். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். பல எலிகளுக்குப் புண் வந்தது. பஞ்சாப் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வரவில்லை. 1960-களில் மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், கோதுமை தின்னும் வடக்கத்தி ஊழியர்களைவிட அரிசி தின்னும் தெற்கத்தி ஊழியர்களுக்கே இந்நோய் அதிகம் என்று எழுதினார்.

ஆக, குற்றவாளி சோறும் மிளகாயும் என்றாகிவிட்டது. கூடவே கோபமும் கவலையும். ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த அண்ணனுக்குக் கிடைத்த வைத்தியமும் அதுதான்: காரம் தொடாதே, பால் குடி. பால்கோவா ஊரில் பாலுக்கா பஞ்சம்! அண்ணி வருசக்கணக்கில் இரண்டு சட்டியில் குழம்பு வைத்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் மொத்த வீடும் அவர் வயிற்றைத்தான் பார்க்கும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார்கள். வளர்க்கப் பார்த்தால் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்ததில் வளர்ந்துவிட்டது! யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அண்ணனுக்கும் எண்டோஸ்கோபி பார்த்து இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப்பின் ஊறுகாய் இல்லாமல் அவர் சாப்பிட்டதே இல்லை.

இனி மகன் கேட்டதற்கு வருகிறேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகமா என்று 1994-லும், பக்கவாதம் அதிகமா என்று 1998-லும் இங்கிலாந்தில் ஆய்வுகள் வந்தன. வருசக்கணக்கில் நீடிக்கும் அழற்சி இரத்தக் குழாயையும் கெடுக்கலாம் என்பது ஊகம். பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கிருமி உண்டு. அப்படியென்றால் பக்கவாதக்காரர் வயிற்றில் அது இருப்பது பெரிய சாட்சியா? நெருக்கடியான வீட்டில், வறுமையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் ஒட்டும். அந்த வறுமையே பிற்காலத்தில் பக்கவாதத்துக்கும் வழி செய்யலாமே! எலிக்குச் சோறு போட்டு முடிவு கட்டிய கதையை ஒருமுறை பார்த்தாயிற்று. இதில் நான் அவசரப்பட மாட்டேன்.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டு நோயும் நிச்சயமாகச் சந்திக்கின்றன. இரத்தக் கட்டி அடைத்து வந்த பக்கவாதமென்றால், அதன்பின் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் கொடுப்பார்கள். பழைய புண்ணோ அந்தக் கிருமியோ உள்ள வயிற்றில் ஆஸ்பிரின் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மலம் தார்போல் கறுத்துப் போகும். அண்ணனின் பழைய அல்சரை நாங்கள் யாரும் டாக்டரிடம் சொல்லவே இல்லை. மகன் கேட்டபிறகுதான் போய்ச் சொன்னோம். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்.

அப்போதே அவர் பழைய மாத்திரைகளையும் எடுத்துவரச் சொன்னார். அண்ணி பீரோவைத் திறந்தால், பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. "தலைசுத்தல்தான் நின்னுபோச்சேன்னு விட்டுட்டேன்" என்கிறார் அண்ணன்.

இரண்டு வருசமாம்.