ஃப்ரிட்ஜ் கேஸும் நான் அடித்த ஒரு வரியும்

போன வாரம் மஸ்கட் வெயிலில் எங்க ஃப்ளாட் ஏசி மக்கர் பண்ணியது. பார்க்க வந்த பையன் வந்ததும் ஜன்னல்களைத் திறந்தான், கிச்சன் அடுப்பை அணைக்கச் சொன்னான். பையிலிருந்து ஒரு தராசை எடுத்தான். "என்னப்பா, மீன் வியாபாரமா?" என்றேன். சிரிக்கவே இல்லை. "ஆர்-32 சார். தீப்பிடிக்கும். கிராம் கணக்குல போடணும்."

உடனே எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஞாபகம்.

கொழிஞ்சாம்பாறை தெரியாதவர்களுக்கு: பாலக்காடு ஜில்லா, ஆனால் பேச்சு தமிழ். பாலும் கள்ளும் தென்னையும்தான் ஊரே. 90களில் ஐஸ்க்ரீம் பெட்டி, கூல்ட்ரிங்ஸ் கடை ஃப்ரிட்ஜ், எது நின்றாலும் அண்ணன்தான். குழாயை வெட்டுவார், 'புஸ்ஸ்' என்று கேஸ் முழுக்கக் காற்றில் போகும். பொடிசுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். பிறகு அதே இடத்தில் டார்ச்சைப் பற்றவைத்து ஊதுவார். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஏன் ஆகவில்லை என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. (நான் பி.காம். கெமிஸ்ட்ரி பத்தாம் கிளாஸோடு சரி. பொறுத்தருள்க.)

ஆரம்பகால ஃப்ரிட்ஜ்களில் இருந்தது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மீதைல் குளோரைடு. மூன்றுமே ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் 1920களில் மீதைல் குளோரைடு கசிந்து தூக்கத்திலேயே செத்தவர்கள் உண்டு. அம்மோனியாவாவது நாற்றத்தால் ஊரைக் கூட்டிவிடும். இதற்கு மாற்றாகத்தான் தாமஸ் மிட்ஜ்லி குழு ஆர்-12 என்ற சி.எஃப்.சி. வாயுவைக் கொண்டுவந்தது. 1930ல் மேடையிலேயே அதை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார் மனிதர். விஷமில்லை, எரியாது. (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்னதும் இதே புண்ணியவான்தான்.)

முழுக்க சாதுவும் இல்லை. மூடிய அறையில் மூச்சு முட்டும். தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப்போரில் வீசினார்களே அதேதான். ஆனாலும் பழையவற்றோடு ஒப்பிட்டால் பசுமாடு. இரண்டு மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் அதனிடம்தான் தொழில் கற்றார்கள். 'புஸ்ஸ்' என்று விடும் பழக்கம் அப்படி வந்தது.

1974ல் மொலினாவும் ரோலண்டும் இது ஓசோனைத் தின்னும் என்றார்கள். 1985ல் அன்டார்க்டிகா ஓட்டை தெரிந்தது. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம், 1992ல் இந்தியாவும் சேர்ந்தது. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்தவர்கள் நாலு கம்பெனிகள். அதில் ஒன்று நம்ம மேட்டூர் கெம்ப்ளாஸ்ட். உற்பத்தியை நிறுத்துவதற்காக நாலுக்கும் சேர்த்து 82 மில்லியன் டாலர் 1999ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. 2008 ஆகஸ்ட் 1 முதல், ஆஸ்துமா இன்ஹேலருக்குத் தவிர, சி.எஃப்.சி. நின்றது. கெடு 2010. நாம் 17 மாதம் முந்திவிட்டோம்!

இனி என் பங்கு. 2006ல் ஊருக்குப் பக்கத்துக் கிளையில் எனக்குப் புது போஸ்டிங். அண்ணன் லோனுக்கு வந்தார். கொட்டேஷனில் வேக்குவம் பம்ப், வெல்டிங் செட், நைட்ரஜன் சிலிண்டர், கடைசியாக ஒரு ரெக்கவரி மெஷின்.

"இது எதுக்குண்ணே?"

"கேஸைக் காத்துல விடாம புடிச்சு வைக்கறதுங்க தம்பி. வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க."

"இதுல என்ன வருமானம் வரும்?"

கொஞ்சம் யோசித்தார். "வருமானம்னு ஒண்ணும் வராதுங்க."

சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். வருமானம் தராத சொத்துக்குக் கடன் கிடையாது என்பதுதான் நான் படித்த பாடம். "பரவாயில்லீங்க தம்பி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். லோன் ஒழுங்காக அடைந்தது. என் ஃபைலில் அது நல்ல கணக்கு.

அப்புறம் வந்த கேஸ்கள் வேறு ஜாதி. இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. 50, 60 கிராம்தான், ஆனால் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். கதவு ஜன்னல் திறந்து, கேஸை வெளியேற்றி, நைட்ரஜன் ஓட்டிவிட்டுத்தான் குழாயில் கைவைக்க வேண்டும். டார்ச்சால் குழாயைப் பிரிக்கவே கூடாது, கட்டர்தான். லீக் பார்க்க ஆக்ஸிஜன் ஏற்றினாலோ, உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து கம்ப்ரஸரே வெடிக்கும்.

2019ல் ஒரு வீட்டு சமையலறையில் அண்ணன் பழைய கைப்பழக்கத்தில் டார்ச்சைக் காட்டிவிட்டார். இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. கம்ப்ரஸரில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் ஒட்டியிருந்ததாம். அடுத்த லீவில் போய்ப் பார்த்தேன். தோல் சுருங்கிப் பளபளவென்றிருந்தது.

அந்த மெஷின் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. அது எரியும் வாயுவுக்கான மெஷினும் இல்லை. ஆனால் கேஸைப் பிடித்த பிறகே குழாயைத் தொடுவது என்று 13 வருஷம் அந்தக் கை பழகியிருக்கும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி இப்ப" என்று டீ வாங்கிக் கொடுத்தார். வரியை அடித்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இங்கே பையன் வேலையை முடிக்க ரெண்டு மணி நேரம். அதில் பாதி வேக்குவம் பம்ப் ஓடியது. நான் அவசரப்படுத்தவில்லை.