கிரேயான் வரைபடம் போன ஊர்கள்

நியூயார்க் சுரங்க ரயில் போலீஸில் லெப்டினன்டாக இருந்தவர் ஜாக் மேப்பிள். 55 அடி நீளச் சுவரில் நகரத்தின் எல்லா ரயில் நிலையங்களையும் வரைந்து, வழிப்பறி, அடிதடி, பெரிய திருட்டு என நடந்ததையெல்லாம் கிரேயானால் குறித்து வைத்தார். துப்பு துலங்கியவை தனி, துலங்காதவை தனி. இந்தப் பிரிப்புதான் அந்தச் சுவருக்கு உயிர் என்பேன். குற்றங்களை எண்ணிச் சொல்ல ஒரு பேரேடு போதும். பிடிபடாதவன் எந்தப் பக்கம் திரிகிறான் என்று கண்டுபிடிக்க இப்படி ஒரு சுவர் வேண்டியிருந்தது.

1990இல் அந்தப் படைக்குத் தலைவராக வந்த வில்லியம் பிராட்டன், மேப்பிளை நம்பினார். இரண்டே ஆண்டுகளில் சுரங்க ரயில் வழிப்பறி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1994இல் பிராட்டன் மாநகரப் போலீஸ் ஆணையரானதும் மேப்பிள் துணை ஆணையரானார். சுவர் கணினிக்குள் போய் 'காம்ப்ஸ்டாட்' ஆனது.

அதற்கு முன்பு குற்றக் கணக்கு தலைமையகத்துக்கு வந்துசேரவே மாதக்கணக்கில் ஆகும். இப்போது அதிகாலையிலேயே கூட்டம். சரகத் தலைவர் எழுந்து நிற்பார். திரையில் அவருடைய பகுதியின் வரைபடம் விரியும். இந்த முனையில் மட்டும் ஏன் இத்தனை வழிப்பறி? எந்த நேரத்தில்? சமீபத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர் யார்? துப்பறியும் பிரிவும் போதைப்பொருள் பிரிவும் கலந்து பேசினீர்களா? பதில் இல்லையென்றால் அடுத்த முறையும் அதே கேள்வி வரும். 1990இல் 2,200ஐத் தாண்டியிருந்த கொலைகள் 1998இல் 633. கிராக் போதையின் வேகம் தணிந்ததும் வேலைவாய்ப்பு பெருகியதும் இதில் உண்டு. குற்றம் மற்ற நகரங்களிலும் குறைந்தது. முழுப் பெருமையையும் வரைபடத்துக்கே கொடுத்துவிட முடியாது.

1996இல் மேப்பிள் பதவியை விட்டு, ஜான் லிண்டருடன் சேர்ந்து போலீஸ் துறைகளுக்கு ஆலோசகரானார். இதன்பிறகு வரைபடம் ஊர் ஊராகப் போனது. நியூ ஆர்லியன்ஸில்தான் அதற்குக் கடினமான சோதனை. ஐந்து லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத அந்த ஊரில் 1994இல் 400க்கும் மேற்பட்ட கொலைகள். போலீஸ்காரர் ஒருவரே, தன்மீது புகார் கொடுத்த பெண்ணை ஆள் வைத்துக் கொன்றிருந்தார். அங்கே போலீஸ் தலைவர் ரிச்சர்ட் பென்னிங்டன் வாராந்தரக் கூட்டத்தோடு நிற்கவில்லை. சம்பளத்தை உயர்த்தினார், ஊழல்காரர்களை வெளியேற்றினார், துப்பறிவாளர்களைத் தலைமையகத்திலிருந்து சரகங்களுக்கு அனுப்பினார். 1999இல் கொலைகள் 200க்கும் கீழே வந்தன. ஆலோசகர் விட்டுச்செல்லும் கருவியைத் தாங்க ஒரு துறை எவ்வளவு மாற வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இது.

2000இல் பால்டிமோர் மேயர் மார்ட்டின் ஓ'மாலி அதே முறையைக் குப்பை அள்ளுவதற்கும் சாலைப் பள்ளம் அடைப்பதற்கும் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே, 48 வயதில், மேப்பிள் புற்றுநோயில் இறந்தார்.

காம்ப்ஸ்டாட்டுக்கோ, பிறந்த ஊரான நியூயார்க்கிலேயே நோய் கண்டது. கேள்விகள் பின்னுக்குப் போய், எண் குறைந்ததா என்பது மட்டும் முன்னே வந்தது. பெரிய திருட்டாகப் பதிவாகாதபடி, திருட்டுப்போன பொருளின் மதிப்பை ஆயிரம் டாலருக்குக் கீழே காட்ட இணையத்தில் மலிவான விலையைத் தேடிய கதையை, ஓய்வுபெற்ற அதிகாரிகள் 2010இல் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். ஆணையரே அமைத்த குழுவும், வழக்குகள் லேசாக்கி எழுதப்பட்டிருப்பதை 2013இல் உறுதிசெய்தது. அப்படி எழுதப்பட்ட வழிப்பறி வழிப்பறியாகத் திரையில் தெரியாது. அந்த முனைக்கு ரோந்து அனுப்பவும் யாருக்கும் தோன்றாது.